மல்லிகைத் தோட்டத்தில் எரிந்த சிவப்பு விளக்கு

திருமங்கலத்துக்குத் தெற்கே, என் ஆய்வு மாணவர் ஒருவரின் அப்பத்தா வைத்திருக்கும் அரை ஏக்கர் மல்லிகைத் தோட்டத்தில், மண்ணின் ஈரத்தை அளந்து வானலை வழியாக அனுப்பும் கருவி ஒன்றைச் சென்ற சித்திரையில் நட்டு வைத்தோம். குறைந்த மின்சாரத்தில் கணக்கிடுவது எப்படி என்பதுதான் எங்கள் ஆய்வுக்கூடத்தின் பொருள். ஆகையால் அந்தக் கருவிக்குச் சூரியத் தகடு எதுவும் வைக்கவில்லை. கைவிளக்கில் போடுகிற 18650 வகை பேட்டரி ஒன்றை மட்டும் மாட்டி, அது எத்தனை நாள் தாங்குகிறது என்று பார்ப்பதே சோதனையின் நோக்கமாக இருந்தது. காகிதத்தில் போட்ட கணக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தாங்கும் என்றது. பதினோராம் நாள் கருவி பேச்சை நிறுத்தியது.

அந்தக் கணக்கை இங்கேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்ல வந்தது முழுவதும் அதைச் சுற்றியே வருகிறது. பேட்டரியின் கொள்ளளவு 2,600 மில்லி ஆம்பியர் மணி. கருவி கால் மணி நேரத்துக்கு ஒரு முறை விழித்து, இரண்டு நொடி வேலை பார்த்துவிட்டு மீண்டும் உறங்கும். விழித்திருக்கும்போது சராசரியாக 50 மில்லி ஆம்பியர் எடுக்கும். ஒரு நாளில் 96 விழிப்புகள், ஆக 192 நொடிகள், அதற்கு ஆகும் செலவு சுமார் 2.7 மில்லி ஆம்பியர் மணி. உறக்கத்தில், நாங்கள் பயன்படுத்திய இஎஸ்பி32 செயலியின் (கருவிக்கு மூளையாக இருக்கும் சில்லு) தரவுத்தாள் சொல்கிறபடி, 10 மைக்ரோ ஆம்பியர் போதும். நாள் முழுவதற்கும் சேர்த்தால் அது கால் மில்லி ஆம்பியர் மணிகூட ஆகாது. இரண்டையும் கூட்டினால் நாளொன்றுக்கு மூன்றுக்குள் அடங்கிவிடுகிறது. 2,600ஐ அதனால் வகுத்தால் கிட்டத்தட்ட 890 நாள் வரும். பேட்டரி சும்மா இருக்கையில் தானாகவே இழக்கும் மின்சாரத்துக்கென்று ஒரு பங்கைக் கழித்த பிறகும், இரண்டு ஆண்டு என்பது பேராசை இல்லை என்றே நினைத்தேன்.

முதலில் பேட்டரியின் மேல்தான் பழியைப் போட்டோம். அதற்குக் காரணமும் உண்டு. கடைத்தெருவில் 9,900 மில்லி ஆம்பியர் மணி என்று பெரிய எழுத்தில் அச்சிட்டு விற்கப்படும் 18650 பேட்டரிகளை வாங்கிச் சோதித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த எண்ணில் கால் பங்குகூட உள்ளே இருப்பதில்லை. அந்த அளவுள்ள உருளையில் 3,500ஐத் தாண்டுவதே அரிது. ஆனால் நாங்கள் மாட்டியிருந்த பேட்டரி அந்த ரகம் அல்ல. ஆய்வுக்கூடத்தில் மீண்டும் நிரப்பி, ஒரு மின்தடையின் வழியே மெல்ல வடியவிட்டு அளந்தபோது, சொன்ன கொள்ளளவு ஏறக்குறைய அப்படியே இருந்தது. பேட்டரி பொய் சொல்லவில்லை.

உண்மையைக் கண்டுபிடித்தவர் அப்பத்தா. மல்லிகை மொட்டை விடிவதற்கு முன்பே பறித்து முடித்தால்தான் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு நேரத்தோடு போய்ச் சேரும். ஆகையால் அவர் அதிகாலை மூன்று மணிக்கெல்லாம் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கிவிடுவார். கருவி நின்றுபோன வாரத்தில் பேரனிடம் அவர் கேட்ட கேள்வி இதுதான்: "ஏப்பா, அந்த டப்பாவுக்குள்ள செவப்பா ஒரு லைட்டு ராத்திரி பூரா எரிஞ்சுக்கிட்டே கெடந்துச்சே, அது யாருக்குப்பா எரிஞ்சுச்சு?"

செயலி உறங்கலாம், அது உட்கார்ந்திருக்கும் போர்டு உறங்குவதில்லை. இந்த எளிய உண்மையை இருபது ஆண்டுகளாக இந்தத் துறையில் இருக்கும் நான் பகல் வெளிச்சத்தில் காணத் தவறியிருக்கிறேன். மல்டிமீட்டரைத் தொடரில் இணைத்து அளந்தபோது, உறக்கத்தில் 10 மைக்ரோ ஆம்பியர் எடுக்க வேண்டிய கருவி 10 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. ஆயிரம் மடங்கு. 2,600ஐ 10ஆல் வகுத்தால் 260 மணி நேரம், அதாவது பதினோரு நாள். கணக்கு துல்லியமாகத்தான் பொருந்தியது, நாங்கள்தான் தவறான எண்ணைப் போட்டிருந்தோம். அந்தப் பத்தில் ஏறக்குறைய பாதியை, யாரும் கேட்காதபோதும் ஈரத்தை அளந்துகொண்டே இருந்த சென்சார் குடித்தது. மீதியை, மின்சாரம் இருக்கிறது என்று சொல்வதற்காகவே எரியும் அந்தச் சிவப்பு எல்இடியும், கம்ப்யூட்டரோடு பேசுவதற்கென்று போர்டில் வைத்திருக்கும் யுஎஸ்பி சில்லும், மின்னழுத்தத்தை 3.3 வோல்ட்டுக்கு இறக்கும் ரெகுலேட்டரும் பங்கு போட்டுக்கொண்டன. போர்டின் அட்டைப்பெட்டியில் குறைந்த மின்சாரம் என்று அச்சிட்டிருந்தது. அதை நம்பி அளக்காமல் நட்டது என் தவறு.

கம்ப்யூட்டர் என்றால் கணக்குப் போடும் இயந்திரம் என்றும், அது எடுக்கும் மின்சாரமெல்லாம் கணக்குப் போடுவதற்கே செலவாகிறது என்றும் நாம் எண்ணுகிறோம். இருபது ஆண்டு அளந்து பார்த்ததில் எனக்குத் தெரிந்தவரை, தோட்டத்தில் நட்ட தீப்பெட்டி அளவுக் கருவி முதல் ஒரு கட்டடத்தை நிறைக்கும் மீக்கணினி (சூப்பர் கம்ப்யூட்டர்) வரை, கணக்குப் போடுவதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது. மின்சாரம் காத்திருப்பதற்கு ஆகிறது, எண்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சுமப்பதற்கு ஆகிறது. அப்பத்தா பார்த்தது காத்திருக்கும் செலவை. சுமக்கும் செலவுக்குக் கண்ணில் படும்படி விளக்கு எதுவும் எரிவதில்லை, ஆகையால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

அதற்கு முன் ஒரு பழைய கதை. சில்லுக்குள் சுவிட்சுபோல வேலை செய்யும் ஒரு டிரான்சிஸ்டர் 0 நிலையிலிருந்து 1 நிலைக்கு மாறும்போது ஆகும் ஆற்றல், மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1.2 வோல்ட்டில் ஓடும் செயலியை 0.9 வோல்ட்டில் ஓட்ட முடிந்தால், மின்னழுத்தம் குறைந்தது கால் பங்குதான், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆகும் ஆற்றலோ ஏறக்குறைய 44 விழுக்காடு குறைந்துவிடுகிறது. 1974இல் ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டும் அவருடைய கூட்டாளிகளும் எழுதிய கட்டுரையின் சாரம், டிரான்சிஸ்டரைச் சுருக்கும்போது அதே விகிதத்தில் மின்னழுத்தத்தையும் குறைத்துக்கொண்டே போனால், ஒரே பரப்பில் எத்தனை டிரான்சிஸ்டர்களை நெருக்கினாலும் அந்தப் பரப்பின் சூடு கூடாது என்பது. முப்பது ஆண்டுகள் இந்தத் துறை அந்த வரத்தில் வாழ்ந்தது. பிறகு மின்னழுத்தம் ஒரு வோல்ட்டை நெருங்கியபோது வரம் தீர்ந்தது, ஏனென்றால் அதற்குக் கீழே இறக்க இறக்க, மூடியிருக்க வேண்டிய டிரான்சிஸ்டர்கள் முழுதாக மூடாமல், சரியாக அடைபடாத குழாய்போல ஒழுகத் தொடங்கின. 2004இல் இன்டெல் தன் பென்டியம் 4 வரிசையின் அடுத்த செயலியைக் கைவிட்டு, ஒரே சில்லில் இரண்டு செயலிகளை வைக்கும் வழிக்குத் திரும்பியதற்கு இந்தச் சூடு முதன்மையான காரணம். இன்று பல கைப்பேசிகளில் ஒரே சில்லுக்குள் எட்டுச் செயலிகள் இருப்பதும் அதன் தொடர்ச்சிதான்.

இதே டென்னார்ட்தான் ஒற்றை டிரான்சிஸ்டரால் ஒரு பிட்டை, அதாவது ஒரு 0 அல்லது 1ஐ, சேமிக்கும் டிராம் நினைவகத்தையும் கண்டுபிடித்தவர். 1968இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். நாம் ரேம் என்று சொல்லி வாங்குவதெல்லாம் அதுதான். அந்த நினைவகத்தின் ஒவ்வொரு பிட்டும் ஒரு சின்னஞ்சிறு மின்தேக்கியில் நிற்கிறது, மின்தேக்கி ஒழுகுகிறது, ஆகையால் 64 மில்லி நொடிகளுக்குள் ஒரு முறை எல்லாவற்றையும் படித்து மறுபடி எழுதிவைக்க வேண்டும். யாரும் எதையும் கேட்காத நள்ளிரவிலும் இந்த வேலை நடந்துகொண்டே இருக்கும். சிவப்பு விளக்கின் தூரத்து உறவு என்று இதைச் சொல்லலாம்.

சுமக்கும் செலவுக்கு வருகிறேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் ஹோரோவிட்ஸ் 2014இல் ஒரு மாநாட்டு உரையில் காட்டிய எண்கள் இன்றும் எங்கள் ஆய்வுக்கூடச் சுவரில் ஒட்டியிருக்கின்றன. சில்லு செய்யும் 45 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில், 0.9 வோல்ட்டில், இரண்டு 32 பிட் முழு எண்களைக் கூட்ட 0.1 பைக்கோஜூல் போதும் (ஒரு ஜூலில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு ஒரு பைக்கோஜூல்). 32 பிட் தசம எண்கள் இரண்டைப் பெருக்க 3.7 பைக்கோஜூல். ஆனால் அந்த எண்ணை வெளியே உள்ள டிராம் நினைவகத்திலிருந்து கொண்டுவர ஒரு முறைக்கு 1,300 முதல் 2,600 பைக்கோஜூல் வரை ஆகிறது. சில்லுக்கு உள்ளேயே 8 கிலோபைட் அளவில் ஒரு சிறு நினைவகம் இருந்து அதில் அந்த எண் கிடைத்துவிட்டால் 10 பைக்கோஜூல். இன்றைய சில்லுகளில் இந்த எண்கள் எல்லாமே மாறியிருக்கும். ஆனால் கணக்குக்கும் சுமைக்கும் உள்ள இடைவெளி சுருங்கவில்லை.

முதலாண்டு மாணவர்களுக்கு நான் இதைக் கண்மாய் வைத்துத்தான் சொல்வது. வைகை அணையில் தண்ணீர் நிறைந்திருக்கிறது, கடைமடையில் வயல் காய்கிறது. ஒவ்வொரு முறை நாற்று வாடும்போதும் அணையில் மதகைத் திறந்து, ஐம்பது அறுபது கிலோமீட்டர் வாய்க்காலில் தண்ணீரை விட்டு, வழியில் மண் குடித்ததும் வெயில் குடித்ததும் போக மிஞ்சியதை வயலில் பாய்ச்சுவது அறிவுடைமை ஆகாது. அதனால்தான் நம் பக்கத்தில் ஊருக்கு ஊர் கண்மாய் வெட்டினார்கள். மாடக்குளம் கண்மாயும் தென்கால் கண்மாயும் ஆற்றை வயலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்த ஏற்பாடுகள். செயலிக்குப் பக்கத்தில் இருக்கும் கேஷ் நினைவகம் அந்தக் கண்மாய், டிராம் அந்த அணை. இந்த ஒப்புமையை நீட்டினால் ஓரிடத்தில் உடையும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்: கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியே அடுத்த கண்மாய்க்குப் போகும், கேஷ் நிறைந்தால் பழையதை வெளியேற்றிவிட்டுத்தான் புதியதை ஏற்கும். மாணவர்களில் யாராவது ஒருவர் இதை எழுந்து சொல்வார். அவரைத்தான் நான் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப் பார்ப்பது.

கண்மாய் இருந்தால் மட்டும் போதாது, அதற்கேற்றபடி பாய்ச்சத் தெரிய வேண்டும். ஆயிரம் வரிசையும் ஆயிரம் நெடுவரிசையும் கொண்ட இரண்டு அணிகளைப் பெருக்கும் நிரல் எங்கள் ஆய்வுக்கூடத்தின் முதல் பயிற்சி. அதில் நூறு கோடிப் பெருக்கல்கள் இருக்கின்றன. பாடநூல் முறையில் யார் எப்படி எழுதினாலும் அந்த எண்ணிக்கை மாறாது. பாடநூலில் உள்ளபடி மூன்று சுற்றுகளை (லூப்) ஒன்றுக்குள் ஒன்றாக எழுதினால், இரண்டாவது அணியை நெடுவரிசை வழியாக, மேலிருந்து கீழாகப் படிக்க நேர்கிறது. நினைவகத்திலோ எண்கள் வரிசை வரிசையாகக் கிடக்கின்றன. டிராமிலிருந்து ஓர் எண்ணைக் கேட்டால் அது தனியாக வராது. 64 பைட் கொண்ட ஒரு கட்டாக, எட்டு எண்கள் சேர்ந்தே வரும். நெடுவரிசையில் படிக்கும் நிரல் அந்த எட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஏழைக் கிடப்பில் போடுகிறது, பிறகு அந்த ஏழு தேவைப்படும்போது அவை கேஷிலிருந்து வெளியேற்றப்பட்டிருக்கும். உள்ளே இருக்கும் இரண்டு சுற்றுகளின் இடத்தை மாற்றி எழுதினால் போதும், கணக்கு ஒன்றுகூடக் குறையாமல், நேரமும் மின்சாரமும் பல மடங்கு குறைகின்றன. இரண்டு வரிகளை இடம் மாற்றியதற்கு இவ்வளவா என்று மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் வியக்கிறார்கள், நானும் ஒவ்வோர் ஆண்டும் அந்த வியப்புக்காகவே இந்தப் பயிற்சியை வைத்திருக்கிறேன்.

இதே கதையைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் மீக்கணினிகளைப் பார்க்க வேண்டும். 2007 நவம்பரில், வேகத்தை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் டாப்500 பட்டியலுக்குப் பக்கத்தில், ஒரு வாட்டுக்கு எவ்வளவு கணக்கு என்று பார்த்து வரிசைப்படுத்தும் கிரீன்500 பட்டியலை வர்ஜீனியா டெக் பேராசிரியர்கள் தொடங்கினார்கள். முதல் பட்டியலில் முதலிடம் பெற்ற இயந்திரம் வாட்டுக்கு 357 மெகாஃபிளாப்ஸ், அதாவது நொடிக்கு 35.7 கோடிக் கணக்குகள், தந்தது. எக்ஸாஃபிளாப், அதாவது ஒன்றுக்குப் பின் பதினெட்டுச் சுழி போட்ட எண்ணிக்கையில் நொடிக்குக் கணக்குகள் போடும் இயந்திரத்தை 20 மெகாவாட்டுக்குள் ஓட்ட வேண்டும் என்று அமெரிக்காவில் இலக்கு வைத்தபோது, அதற்கு வாட்டுக்கு 50 கிகாஃபிளாப்ஸ் (ஒரு கிகா என்பது ஆயிரம் மெகா) தேவைப்பட்டது. அன்றிருந்ததைப் போல நூற்று நாற்பது மடங்கு. 2022இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தின் ஃபிரான்டியர் 21.1 மெகாவாட்டில் 1.1 எக்ஸாஃபிளாப்பைத் தொட்டு, வாட்டுக்கு 52 கிகாஃபிளாப்ஸ் காட்டியது. பதினைந்து ஆண்டுகளுக்குள் இதைச் சாதித்தது பெரிய செயல்தான், ஐயமில்லை.

ஆனாலும் 21 மெகாவாட் என்பது எவ்வளவு என்று நம் ஊர்க் கணக்கில் சொன்னால்தான் உறைக்கும். அந்த இயந்திரம் முழு வேகத்தில் ஓடினால் நொடிக்கு ஏறக்குறைய 6 யூனிட் செலவாகிறது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டில் காலம் தள்ளும் ஒரு சிறிய வீட்டின் மின்சாரம் அதற்குப் பதினேழு நொடிக்குத்தான் காணும். மறுபக்கம், எங்கள் தோட்டத்துக் கருவி திட்டமிட்டபடி ஓடியிருந்தால், ஒரே ஒரு யூனிட்டில் 250 ஆண்டுகள் ஓடும். இந்த இரண்டையும் ஒரே துறை என்று சொல்லி ஒரே பட்டத்தைக் கொடுக்கிறோமே என்று என் மனைவி ஒரு முறை சிரித்தார். 2024 நவம்பரில் டாப்500 பட்டியலில் முதலிடத்துக்கு வந்த எல் காப்பிட்டான் வாட்டுக்கு இன்னும் கூடுதலாகக் கணக்குப் போடுகிறது, ஆனால் மொத்தமாக எடுப்பதோ 30 மெகாவாட்டுக்கு அருகில். சிக்கனம் கூடக் கூடச் செலவும் கூடுவதைப் பார்க்கும்போது, நாங்கள் மிச்சப்படுத்திக் கொடுப்பதெல்லாம் இன்னும் பெரிய இயந்திரத்தைக் கட்டவே உதவுகிறதோ என்ற எண்ணம் எனக்கு வராமல் இல்லை.

ஒரே துறை என்பதற்கு வரலாறு சாட்சி சொல்கிறது. 1991இல் புணேயில் அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய நம் நாட்டின் முதல் மீக்கணினி பரம் 8000, டிரான்ஸ்பியூட்டர் எனப்படும் சிறு செயலிகளைக் கூட்டிச் சேர்த்துக் கட்டப்பட்டது. 2004 நவம்பரில் உலகிலேயே வேகமான இயந்திரம் என்று பெயர் வாங்கிய ஐபிஎம்மின் புளூ ஜீன்/எல், வெறும் 700 மெகாஹெர்ட்ஸில் ஓடும், கருவிகளுக்குள் பொதிந்து வைப்பதற்கென்றே வடிவமைத்த பவர்பிசி 440 செயலிகளைப் பல்லாயிரக்கணக்கில் அடுக்கியது. அன்று மேசைக் கணினிகள் 3 கிகாஹெர்ட்ஸைத் தாண்டிக்கொண்டிருந்தன. வேகமான சில குதிரைகளை விட மெதுவான பல மாடுகள் குறைந்த தீவனத்தில் அதிக வண்டி இழுக்கும் என்பதை அந்த இயந்திரம் காட்டியது. 2011இல் பார்சிலோனாவில் தொடங்கிய மான்ட்-பிளாங்க் திட்டம் கைப்பேசிச் செயலிகளையே மீக்கணினிக்குள் கொண்டுவர முயன்றது. 2020இல் முதலிடம் பிடித்த ஜப்பானின் ஃபுகாகு, கைப்பேசிகளில் இருக்கும் அதே ஆர்ம் கட்டளைத் தொகுப்பைப் பேசுகிறது. பேட்டரி தீர்ந்துவிடுமே என்ற அச்சத்தில் பிறந்த பழக்கங்கள் பெரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. எதிர்த் திசையில் இந்த ஓட்டம் அவ்வளவாக நடக்கவில்லை என்பது என் கணிப்பு.

காத்திருக்கும் செலவிலும் சிறியதும் பெரியதும் ஒன்றுதான். கூகுளில் இருந்த லூயிஸ் பரோசோவும் உர்ஸ் ஹோல்ஸ்லேயும் 2007இல் எழுதிய கட்டுரையில், சர்வர்கள் பெரும்பாலான நேரம் தம் திறனில் 10 முதல் 50 விழுக்காட்டுக்குள்தான் வேலை செய்கின்றன என்றும், வேலையே இல்லாதபோதும் உச்சத்தில் எடுப்பதில் பாதியளவு மின்சாரத்தை எடுக்கின்றன என்றும் காட்டினார்கள். செய்யும் வேலைக்கு விகிதமாகச் செலவழிக்கும் இயந்திரம் வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது. அதற்குப் பிறகு நிலைமை தேறியிருக்கிறது, ஆனால் எங்கள் ஆய்வுக்கூடத்து சர்வரைக் கேட்டால் அது வேறு கதை சொல்லும். அதில் 350 வாட் வரை எடுக்கும் கிராபிக்ஸ் கார்டு ஒன்று இருக்கிறது. மாணவர்கள் மாலையில் ஒரு பயிற்சியை ஓடவிட்டு வீட்டுக்குப் போவார்கள். நள்ளிரவுக்குள் அது பிழை காட்டி நின்றுவிடும். காலை ஒன்பது மணி வரை இயந்திரமும், அதைக் குளிர்விக்கும் ஏசியும், இரண்டுக்கும் நடுவில் நிற்கும் யுபிஎஸ்ஸும் யாருக்கோ காவல் காக்கும்.

மதுரையில் யுபிஎஸ் இல்லாமல் கணினி ஆய்வு நடத்த முடியாது என்ற நம்பிக்கை, 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் பகலிலும் இரவிலும் மணிக்கணக்கில் மின்சாரம் போனதால் வந்தது. இப்போது அந்த அளவுக்கு வெட்டு இல்லை, ஆனாலும் யுபிஎஸ் போகவில்லை. அது மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கிப் பேட்டரிக்குக் கொடுத்து, திரும்ப மாறுமின்னோட்டமாக்கி சர்வருக்குக் கொடுக்க, சர்வர் அதை மறுபடி நேர்மின்னோட்டமாக்கிக்கொள்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் வெப்பமாகப் போகிறது, அந்த வெப்பத்தையும் ஏசிதான் வெளியே தள்ள வேண்டும். மே மாதத்தில் வெளியே நாற்பது டிகிரியை நெருங்கும்போது ஏசி என்ன பாடுபடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் காரணத்தால்தான், பெரிய கணக்குகளை இங்கே ஓட்டாமல் திருச்சி என்ஐடியில் இருக்கும் பரம் பொருள் போன்ற இடங்களுக்கு அனுப்புவது நல்லது என்று மாணவர்களிடம் சொல்கிறேன். தேசிய மீக்கணினி இயக்கத்தின் கீழ் 2022 மே மாதத்தில் தொடங்கப்பட்ட அந்த 838 டெராஃபிளாப் இயந்திரம் சூட்டைத் திரவத்தின் வழியே நேரடியாக எடுத்துவிடுகிறது. காற்றைக் குளிர்வித்து அந்தக் காற்றால் சில்லைக் குளிர்விக்கும் சுற்று வழி அங்கே இல்லை. பெயரைத் தமிழில் வைத்தார்கள் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

இந்தத் துறையில் எனக்கு இருக்கும் மனக்குறை ஒன்றையும் எழுதிவிடுகிறேன். மின்சாரத்தை மிச்சப்படுத்தினோம் என்று சொல்லும் கட்டுரைகளில் பல, மீட்டரையே தொடாமல் எழுதப்படுகின்றன. செயலியின் உச்ச வாட்டை ஓடிய நேரத்தால் பெருக்கி, வந்ததை ஆற்றல் என்று அட்டவணையில் போடுகிறார்கள். அப்படிப் போட்டால் வேகமும் ஆற்றலும் ஒன்றே ஆகிவிடும், ஆராய்வதற்கு எதுவும் மிஞ்சாது. 2011 முதல் இன்டெல் செயலிகள் தாங்களே எவ்வளவு ஆற்றலை எடுத்தோம் என்று ஒரு பதிவேட்டில் எழுதிவைக்கின்றன, அதைப் படிக்கக் காசு ஆகாது. ஆனால் அந்தப் பதிவேட்டுக்கு மின்விசிறியும் தெரியாது, மின்சாரப் பெட்டியின் இழப்பும் தெரியாது; சுவரில் செருகும் மீட்டரையும் சேர்த்து வைத்தால்தான் முழு உருவம் கிடைக்கும். ஒரு முறை எங்கள் கட்டுரையைப் பார்வையிட்ட ஒருவர், சுவர் மீட்டர் என்பது அறிவியல் கருவி அல்ல என்று எழுதி அனுப்பினார். மின்வாரியம் அதை வைத்துத்தான் காசு வாங்குகிறது என்று பதில் எழுத வேண்டும் போலிருந்தது. எழுதவில்லை, அளவுத்திருத்தச் சான்றிதழை இணைத்து அனுப்பினேன்.

தோட்டத்துக்குத் திரும்புகிறேன். சிவப்பு எல்இடியைச் சூட்டுக்கோலால் உருக்கி எடுத்தோம். யுஎஸ்பி சில்லும் அந்த ரெகுலேட்டரும் இல்லாத வெறும் செயலித் துண்டுக்கு மாறினோம். விழிக்கும்போது மட்டும் சென்சாருக்கு மின்சாரம் போகும்படி நடுவில் ஒரு டிரான்சிஸ்டரைக் காவல் வைத்தோம். உறக்கச் செலவு மைக்ரோ ஆம்பியர்களுக்கு இறங்கியது. காத்திருக்கும் செலவு அடங்கியதும், அதுவரை அதன் நிழலில் மறைந்திருந்த சுமக்கும் செலவு வெளியே தெரிந்தது. நாங்கள் பயன்படுத்தும், குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் பேசும் லோரா வானொலி, நம் நாட்டில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்திருக்கும் 865 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் பேசுகிறது. தூரம் போக வேண்டுமென்றால் மெதுவாகப் பேச வேண்டும். மிக மெதுவான நிலையில் பத்துப் பைட் செய்தியை அனுப்ப ஒரு நொடிக்கு மேல் ஆகிறது, மிக வேகமான நிலையில் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு போதும். மெதுவான நிலையில் ஒரு செய்தியை அனுப்பும் ஆற்றலில் அந்தச் செயலி சில கோடிக் கணக்குகளைப் போட்டு முடித்துவிடும்.

ஆகவே கணக்கைத் தோட்டத்திலேயே போட வைத்தோம். கால் மணிக்கு ஒரு முறை அளப்பதில் மாற்றமில்லை, ஆனால் முன்பு அனுப்பியதற்கும் இப்போது அளந்ததற்கும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் வேறுபாடு இருந்தால் மட்டும் செய்தி போகும். இல்லாவிட்டால் உயிரோடு இருக்கிறேன் என்று நாளொன்றுக்கு ஒரு முறை சொன்னால் போதும். மல்லிகைத் தோட்டத்து மண் அவ்வளவு விரைவாக மனம் மாறுவதில்லை. தண்ணீர் பாய்ச்சிய நாளில் சில செய்திகளும், மற்ற நாட்களில் ஒன்றிரண்டும் வருகின்றன. வானொலியைக் கூரை உயரத்துக்கு ஏற்றியதில் இரண்டு நிலை வேகமாகப் பேசவும் முடிந்தது. அந்த மூங்கில் கம்பு எங்கள் ஆராய்ச்சியின் ஒரே இயந்திரவியல் பங்களிப்பு.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்த இரண்டாம் வாரம், ஈரம் திடீரென்று சுழிக்கு இறங்கியதாகச் செய்தி வந்தது. மாணவர் போய்ப் பார்த்தபோது கருவி தோட்டத்தில் இல்லை. அப்பத்தா அதைப் பிடுங்கித் துடைத்து, பத்திரமாகத் தொழுவத்துப் பரணில் வைத்திருந்தார். "லைட்டும் எரியல, ஒண்ணும் எரியல. செத்துப் போனதை எதுக்குப்பா மழையில நனைய விடணும்னு எடுத்து வச்சேன்" என்றார். எந்த விளக்கு வீணாக எரிகிறது என்று அவர்தான் எங்களுக்குச் சொன்னார். அதே விளக்குதான் அவருக்கு அந்தக் கருவி உயிரோடு இருப்பதற்கான ஒரே அடையாளமாகவும் இருந்திருக்கிறது. இதை எந்த அட்டவணையிலும் நாங்கள் சேர்த்திருக்கவில்லை.

இப்போது டப்பாவின் பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் பச்சை எல்இடி அரை நொடி எரிந்து அணையும். அதற்கு 2 மில்லி ஆம்பியர்; அவர் ஒரு நாளைக்கு நூறு முறை அழுத்தினாலும் மொத்தச் செலவு 0.03 மில்லி ஆம்பியர் மணியைத் தாண்டாது. மாணவர் ஆர்வத்தில் பொத்தான் அழுத்தப்படும் எண்ணிக்கையையும் செய்தியோடு சேர்த்து அனுப்ப வைத்திருக்கிறார். நேற்று ஏழு முறை, ஏழும் அதிகாலை மூன்றிலிருந்து நான்கரைக்குள்.